அப்பத்தா, அம்மா, நான்: ஒரே வீட்டில் மூன்று ஓட்டு மூன்று பக்கம் போவது ஏன்?

செம்மண்பேத்தி:

கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 19 அன்று கண்டனூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்பத்தா, அம்மா, நான் மூவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பேசியபோதுதான் தெரிந்தது, மூன்று பேரும் மூன்று சின்னம். எந்தச் சின்னம் என்று எழுத மாட்டேன், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். என் மனதைக் குடைவது வேறு.

அப்பத்தா முதல் ஓட்டுப் போட்டது 1967-ல். அரிசிக்கு ஊரே அல்லாடிய நேரம், ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சு அடுப்படி வரை வந்திருந்தது. ஆனாலும் சின்னம் வீட்டில் ஆண்கள் உட்காரும் முகப்பிலிருந்துதான் வந்தது. காலையில் ஐயா, அதாவது தாத்தா, சொன்னார், உள்கட்டான வளவில் நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டு வண்டி ஏறினார்கள்.

அம்மாவுக்கு 1989 நவம்பரில் முதல் ஓட்டு வந்திருக்க வேண்டும். ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக இறக்கியது அந்த வருஷம்தான் நடைமுறைக்கு வந்தது, அம்மாவுக்கு அப்போது 19. ஆனால் கல்யாணமாகி இரண்டு மாதம். இங்கே பட்டியலில் பெயர் ஏறவில்லை, பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்த பெயருக்காக ஒரு நாள் போய்வர யாரும் அனுப்பவில்லை. 1991-ல்தான் போட்டார். ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் ஓட்டு ஊர் மாறாது, பெண்ணுக்கு மாறும். இதை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை.

நான் 2014-ல் போட்டேன். என்னிடம் யாரும் சின்னம் சொல்லவில்லை. சட்டம், மொழி, வேலைவாய்ப்பு, சாதி என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறேன், சண்டை போடுகிறேன். ஆனால் இதுவரை ஒரு கிராம சபையில் உட்கார்ந்ததில்லை, எங்கள் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர் யார் என்று கேட்டால் தெரியாது. அப்பத்தாவோ 57 வருஷத்தில் ஒரு தேர்தலைத் தவறவிட்டதில்லை, ஆனால் அரசியல் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. போடுகிறவர் பேசுவதில்லை, பேசுகிறவள் போவதில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

தேவகோட்டை_வாத்தியார்:

நல்ல கேள்வி தங்கச்சி. முப்பது வருஷம் தேர்தல் பணி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 80-களில் பெண்கள் வரிசை குடும்பம் குடும்பமாக வரும். மாமியார் முன்னே, மருமகள் பின்னே, வாசலில் ஓர் ஆண். மறைப்புக்குள் போன பெண் பாதியில் வெளியே எட்டிப் பார்த்து எந்தப் படம் என்று வீட்டுக்காரரைக் கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவரை வெளியே அனுப்பியும் இருக்கிறேன். 2000-க்கு அப்புறம் அது அநேகமாக நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு வர ஆரம்பித்தார்கள், மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்த பெண்கள் குழுவாகவே வந்தார்கள். என் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் அதுதான்.

நாடு முழுக்க எடுத்துப் பார்த்தாலும் 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களில் சுமார் 63 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள், பெண்களில் சுமார் 47. பதினாறு புள்ளி இடைவெளி. 2019-ல் அது மறைந்து பெண்கள் ஒரு மயிரிழை முந்தினார்கள். இந்த இடைவெளியை யாரும் குறைத்துக் கொடுத்துவிடவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தன் பெயரைச் சொல்ல மறுத்து இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொன்னார்கள். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பெயர்களை நீக்கச் சொன்னார். கடுமையான முடிவுதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் பெயரோடு வந்தார்கள்.

நம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது, சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்றாலும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அடுத்த சில வருஷங்களில் மாகாணச் சட்டசபைக்குள் போய்த் துணைத் தலைவராகவே இருந்தார். நம் காரைக்குடியில் சொ. முருகப்பாவும் அவர் மனைவி மரகதவல்லியும் விதவை மறுமணத்துக்காக 1930-களில் தனியாக ஓர் இதழே நடத்தினார்கள். ஊர் பழமை பிடித்தது, சரி. ஆனால் எதிர்க்குரலும் இந்த ஊரிலேயே பிறந்தது.

புதுவயல்_அரவை:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் தனியாக முடிவு செய்கிறார்கள் என்பது சரிதான், ஆனால் எதை வைத்து? எங்கள் மில்லில் வேலை பார்க்கும் அக்காமார் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் மாதம் ஆயிரம் ரூபாய், பேருந்து இலவசம் என்கிறார்கள். நெல் விலை, மின் கட்டணம், தொழில், நாட்டின் கடன், இதையெல்லாம் ஆண்கள்தான் பேசுகிறோம். கையில் வருவதைப் பார்த்துப் போடும் ஓட்டு எப்படிக் கொள்கை ஓட்டாகும்? அந்தக் காலத்தில் ஐயா சொன்ன சின்னம், இப்போது ஆயிரம் ரூபாய் சொல்லும் சின்னம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

திருமயம்_சைக்கிள்:

ஒன்றில்லை அண்ணே. நான் சொல்கிறேன் கேளுங்கள்.

1991-ல் எனக்கு 17. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு பெண்கள் எழுத்துப் படித்தோம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தார். நீங்கள் சிரிக்கலாம், எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரும் அப்படித்தான் கேட்டது. பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஓட்டினோம். தெருவில் என்னென்ன பேசினார்கள் என்று எழுதினால் இந்தப் பக்கமே நாறிவிடும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினோம். அதுவரை பஸ் நிறுத்தம் வரை போக அண்ணனைக் கெஞ்சியவள், அதற்கப்புறம் நானாகக் கூட்டத்துக்குப் போனேன், பக்கத்து ஊர்ப் பெண்களோடு குடிதண்ணீருக்கு மனுக் கொடுத்தேன். யாருக்கு ஓட்டு என்று என் கணவர் கேட்டதற்கு முதல் தடவையாகச் சொல்ல முடியாது என்று சொன்னது 1996-ல். சைக்கிள் இல்லாவிட்டால் அந்த வாய் வந்திருக்காது.

2021-லிருந்து ஓடும் இலவசப் பேருந்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். டிக்கெட் காசு பெரிய காசில்லை, எங்கே போகிறாய் காசு எதற்கு என்ற கேள்வி நின்றதுதான் பெரிது. 2023 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் வந்தபோது எங்கள் தெருவில் 60 வயதுக்காரி ஒருவர் தன் பெயரில் வந்த முதல் குறுஞ்செய்தியை எல்லோரிடமும் காட்டினார். வருஷம் முழுக்கச் சோறாக்கி, மாடு கறந்து, பேரனைப் பார்த்துக்கொண்டவருக்கு யாரும் கூலி என்று ஒன்றைக் கொடுத்ததில்லை. நெல்லுக்கு விலை கேட்பது கொள்கை, சோற்றுக்கு விலை கேட்பது கொள்கை இல்லையா?

ஆனால் என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறியியல் படித்தவள், ஓசூரில் வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் ஏதாவது அபத்தமாகப் போட்டால் கூட வாயைத் திறக்க மாட்டாள். சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருக்கிறாள், அங்கேதான் எழுதுகிறாளாம். ஏன் இப்படி என்று கேட்டேன். வரன் பார்க்கும் நேரத்தில் வாயாடி என்று பேர் வாங்க முடியாது அம்மா என்றாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் தெருவில் எல்லோரும் பார்க்கத் தாண்டிய பாரை அவள் ஒளிந்துகொண்டு தாண்டுகிறாள்.

கல்லல்காரன்:

எல்லோரும் ஓட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பதவியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் என் அம்மா 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்தவர்.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது, தமிழ்நாடு 2016-ல் சட்டம் திருத்திப் பாதி ஆக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் என்ன நடந்தது? பெண் ஒதுக்கீட்டு இடங்களில் வேட்பாளரை வீட்டு ஆண்கள் பேசி முடித்தார்கள். சுவரொட்டியில் கணவர் படம் பெரிதாக, வேட்பாளர் படம் ஓரத்தில். ஜெயித்த பிறகு கூட்டத்துக்குக் கணவர் வருவார், பதிவேடு வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். அவரைத் தலைவரே என்றுதான் ஊர் கூப்பிடும்.

என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஆதிதிராவிடர் தெரு. அப்பா இல்லை, அதனால் அம்மாவுக்குப் பதில் போக ஆள் இல்லை, அம்மாவே போனார். முதல் கூட்டத்தில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. இரண்டாவது கூட்டத்தில் யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை, அந்த ஊரில்தான் இன்னும் இருக்கிறோம். சாதியை விட்டுவிட்டுப் பெண் என்று மட்டும் பேசினால் எங்கள் தெருவுக்கு அந்தப் பேச்சில் இடம் இல்லை. வளவு, முகப்பு என்று முதல் பதிவில் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரே அறைதான், அம்மாவுக்குச் சின்னம் சொன்னது முகப்பு இல்லை, வேலை கொடுத்த வயல்காரர்.

ஆனால் ஒன்று. அம்மாவுக்கு அரசியல் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு நாள் வேலைத் தளத்தில் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். வரத்துக் கால்வாய் வெட்டிக்கொண்டே அந்தப் பெண்கள் கூலி பாக்கி எத்தனை வாரம், எந்தத் தெருக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டுக்கு எந்த அடிப்படையில் தொகுப்பு வீடு வந்தது என்று ஆள் பெயரோடு பேசினார்கள். டீக்கடையில் நாங்கள் பேசுவது டில்லியும் சென்னையும். அவர்கள் பேசுவது கணக்கு. அம்மா ஐந்து வருஷத்தில் இரண்டு குழாய், ஒரு தெருவிளக்கு வரிசை, சுடுகாட்டுப் பாதை கொண்டுவந்தார். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனதிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இன்னும் அம்மாவிடம்தான் வருகிறார்கள்.

இருபத்துநாலு:

எல்லோரும் பெரியவர்கள், நான் ஒரு பையன் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். காரைக்குடி, வயது 24. கல்லூரி முடித்து மூன்று வருஷம், தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது நான் பள்ளி மாணவன். பெண்கள் ராத்திரியிலும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்தேன், எங்கள் வகுப்பே பார்த்தது. அந்த வாரம் அரசியல் எங்களுக்குச் சொந்தம் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அப்படி ஒரு நாள் வரவில்லை.

என் நண்பர்கள் பலர் கோபமாக இருக்கிறார்கள். பெண்களுக்கு எல்லாம் கிடைக்கிறது, நமக்கு யார் என்று கேட்கிறார்கள். நான் அந்தக் கோபத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் அது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வகுப்புப் பெண்கள் நன்றாகப் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிச்சம் இருப்பது நாங்கள், கட்சிக் கொடி கட்டக் கூப்பிடுவதும் எங்களை. தலைவர்களின் வீடியோவுக்குக் கீழே சண்டை போட்டால் ஏதோ செய்த மாதிரி இருக்கிறது. தென் கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில் இருபதுகளில் உள்ள ஆண்களில் பாதிக்கு மேல் வலதுசாரி வேட்பாளருக்கும், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்க வேட்பாளருக்கும் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது என்று படித்தேன். ஒரே வயது, ஒரே படிப்பு, எதிர் எதிராக. அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த பெண்ணுக்கும் நடுவில் அப்படி ஒன்று இங்கேயும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

புதுவயல்_அரவை:

திருமயம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. சோற்றுக்கு விலை என்ற இடத்தில் எனக்குப் பதில் இல்லை. ஆனால் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. 1982-ல் சத்துணவு வந்தபோது எங்கள் ஆத்தா அந்தக் கட்சிக்கு மாறினார், சாகும்வரை மாறவே இல்லை, அந்தக் கட்சி என்ன செய்தாலும் சரி என்றார். நன்றி நல்லதுதான், ஆனால் நன்றி கேள்வி கேட்காது. ஆண்களும் அப்படித்தான் இருக்கிறோம், சாதிக்காரன், தலைவன் என்று. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செம்மண்பேத்தி:

அண்ணே, அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. பணத்துக்காகப் போடுகிற ஓட்டை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பெண்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது குலுக்கல் மாதிரி முடிவானதால் ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர் இருந்த ஊர்களில் குடிதண்ணீருக்கு அதிகம் செலவானது, ஏனென்றால் அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் புகார் சொன்னது தண்ணீருக்குத்தான். கல்லல் தம்பியின் அம்மா கொண்டுவந்த குழாயைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. தம்பி, முகப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் வீட்டுக்கதையை ஊர்க்கதை மாதிரி எழுதிவிட்டேன்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன காலத்தில் ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் மூன்று மூன்று வருஷம் இருந்தார்கள். இங்கே வீடு கட்டும் கணக்கு, கொடுக்கல் வாங்கல், கல்யாணம், கோவில் காரியம் எல்லாம் ஆச்சிமார் கையில் ஓடியது. சீதனப் பணத்தைத் தன் பேரில் வட்டிக்கு விட்டு ஒரு பைசா பிசகாமல் கணக்கு வைத்தவர்கள். ஆனால் நகரத்தார் கூட்டத்தில் புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, என்று எழுதுவது ஆண் பேரில். காசைக் கையாளத் தெரிந்தவரைக் கூட்டத்தில் மட்டும் தெரியாதவர் ஆக்கினோம். சட்டசபையிலும் அதே வேலைதான்: 2021-ல் தமிழ்நாட்டுப் பட்டியலில் பெண்கள் சுமார் 3.19 கோடி, ஆண்கள் 3.09 கோடி. ஜெயித்து உள்ளே போன பெண்கள் 234-ல் 12 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள்.

இருபத்துநாலு தம்பிக்கு: பயப்படும் பையன் ஊரில் இருப்பதே எனக்கு ஆறுதல். உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள், ஆயிரம் ரூபாய் வந்த வீட்டில் அது எந்த அடுப்பில் செலவாகிறது என்று.

நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் அப்பத்தாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். 1967-ல் ஐயா சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டீர்களா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தேன். ஆமாம் என்றார். ஐயா இருந்த வரைக்கும் அப்படித்தான், அவர் போன பிறகு முதல் தேர்தலில் எந்தச் சின்னம் என்று யாரும் சொல்லாததால் அரைமணி நேரம் வளவில் உட்கார்ந்து யோசித்ததாகவும், அன்றைக்குத்தான் வேட்பாளர் பெயர்களை எல்லாம் ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார். அப்போது அவருக்கு 48 வயது.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். நான் எட்டு வருஷமாகச் சென்னையில்தான் இருக்கிறேன், என் ஓட்டு இன்னும் ஊரில். அது சரியா?

தேவகோட்டை_வாத்தியார்:

சட்டப்படி வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். நம் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகவரியில் எத்தனையோ பெயர்கள், திருவிழாவுக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் வருகிறவர்கள். ஊர்ப்பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தெருவில் குப்பை எடுக்காவிட்டால் நீங்கள் கேட்க வேண்டியது அந்த வார்டுக் கவுன்சிலரை. படிவம் 8 கொடுத்தால் மாற்றித் தருவார்கள், இணையத்திலேயே செய்யலாம்.

திருமயம்_சைக்கிள்:

மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஊர்க் கிராம சபைக்குப் போய்விட்டு வா தாயி. வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

செம்மண்பேத்தி:

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். எதற்கு, அங்கே ஆம்பளைகள்தானே இருப்பார்கள் என்றார். அப்புறம் கால்மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, தெரு முனைச் சாராயக்கடையைப் பற்றி அங்கே எழுதிக் கொடுக்கலாமா, எழுதிக் கொடுத்தால் தீர்மானத்தில் ஏற்றுவார்களா என்று கேட்டார். அக்டோபர் 2-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மனுவை எப்படி எழுத வேண்டும் என்று கல்லல் தம்பி அம்மாவிடம் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.